பஞ்சு வைத்த ரவிக்கை

திருத்தணி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பக்தவச்சலம், தமது ஐம்பத்திரண்டாவது வயதில் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொண்டார். அதுவரைக்கும் துணி என்றால் அவருக்கு விரிப்பது, உதறுவது, அளப்பது, கிழிப்பது, "இதுக்கு மேல எறங்கினா நான் கடையைப் பூட்டிட்டு மலை ஏறிட வேண்டியதுதான்" என்று சாமியைச் சாட்சிக்கு இழுப்பது, அவ்வளவுதான். வாசற்படியைத் தாண்டிய துணி சட்டையாகிறதா சாக்காகிறதா என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டவரில்லை.

அப்படிப்பட்டவர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும், நூலின் நுனியை நாக்கில் நனைத்து நனைத்து ஊசிக் காதைத் தேடினால் கடைத்தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? கடை வாசலிலேயே மிஷின் போட்டிருந்த தையற்காரன் எல்லப்பன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"இன்னா மொதலாளி, என் பொழப்புல மண்ணு அள்ளிப் போடப் பார்க்கிறீங்களா?"

"பொழுது போவலடா எல்லப்பா. கடையில சரக்கு இல்ல. சும்மா குந்திகினு ஈ ஓட்டறதுக்கு இதாவது பழகலாம்னு பார்த்தேன்."

"பொழுது போவலன்னா சீட்டு ஆடுங்க. ஊசி பொம்பளைங்களுக்கும் எனக்கும்தான்."

"பார்த்தியா, உன்னை எந்தக் கும்பல்ல சேர்க்கறதுன்னு நீயே சொல்லிட்ட."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்தவச்சலமும் சிரித்தார். சரக்கு இல்லை என்பது பொய்யுமில்லை. சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பட்டாளத்துக்குப் போனவர்கள் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், துணி மட்டும் இன்னும் திரும்பவில்லை. கார்டு கொண்டுவந்தால் இத்தனை கெஜம் என்று சர்க்கார் சொன்னதை அளந்து கொடுக்க வேண்டும். பேரம் பேச இடமில்லாத வியாபாரம். பேரம் இல்லாத கடையில் உட்கார்வதும் ஒன்றுதான், உப்பில்லாத கஞ்சி குடிப்பதும் ஒன்றுதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் பொழுதுபோக்கு என்றதை ஊர் நம்பியது. நம்பவேண்டும் என்றுதான் அவர் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து தைத்தார்.

உண்மை வேறு. அது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, அவர் மனைவி கௌரியம்மாளுக்கு, அரக்கோணத்து டாக்டருக்கு.

தை மாதம் அந்த டாக்டர் கௌரியம்மாளின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். வெளியே வந்து கையைச் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார். அந்தக் கழுவலிலேயே பக்தவச்சலத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. க்ஷயம். மதனப்பள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ரொம்ப முற்றிவிட்டது, வீட்டில் சின்ன வயசுப் பெண் இருந்தால் முதலில் அவளை அப்புறப்படுத்துங்கள் என்றார் டாக்டர்.

சின்ன வயசுப் பெண் இருந்தாள். ஒரே மகள் மணியம்மை, பதினேழு வயது. வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம், தூசி ஆகாது என்று ஒரு காரணம் சொல்லி, அவளை மணவூரில் இருந்த தம் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார் பக்தவச்சலம். அம்மாவுக்கு இருமலும் இழுப்பும் என்ற மட்டில் அவளுக்குத் தெரியும். ஐப்பசியிலேயே அவளைக் கனகம்மாசத்திரத்துக் கோதண்டபாணியின் மகனுக்கு நிச்சயம் செய்தாகிவிட்டது. வைகாசியில் முகூர்த்தம்.

க்ஷயம் என்ற வார்த்தை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒன்பது மைல் நடந்துபோனால் போதும், கல்யாணம் நின்றுவிடும். இந்தக் கல்யாணம் மட்டுமா? அதற்கப்புறம் எவன் வந்து அந்தப் பெண்ணைக் கேட்பான்?

"நீ கல்யாணத்துக்கு வராம இருந்துட்டா இன்னா கௌரி?" என்று அவர் ஒருநாள் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

கௌரியம்மாள் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் கடைத்தெருவில் அவள் நடந்தால் வளையல் சத்தம் முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். அவ்வளவு பூரிப்பு. இப்போது அந்த வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின.

"பெத்தவ இல்லாத கல்யாணத்துல எல்லாரும் எதைப் பத்திங்க பேசுவாங்க? பெத்தவளைப் பத்தித்தான் பேசுவாங்க. அந்தச் சின்னம்மா நேரா உள்ள வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் பந்தல்ல குந்துவா." சின்னம்மாள்தான் கோதண்டபாணியின் மனைவி, பிள்ளையின் தாய். "அது கெடக்கட்டும். எம் பொண்ணு கழுத்துல தாலி ஏர்றத நான் பார்க்கணும். பார்க்காம போனா என் கட்டை வேகாது."

"இப்படியே வந்து குந்தினா?"

"இப்படியே யாரு குந்தச் சொன்னாங்க?" அவள் கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் வந்தது. "துணி கொறைச்சலா இருந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க? உள்ள தடிமனா ஒரு பலகைய வெச்சு மேல சுத்தி, முழுத்தானு மாதிரி அடுக்குல நிறுத்த மாட்டீங்க? நானும் ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டிதானே. என்னையும் அப்படி நிறுத்துங்க."

பலகைக்குப் பதில் பஞ்சு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ரவிக்கை. கண்ணுக்கு நிறைந்த உடம்பாகத் தெரியவேண்டும். முகத்துக்கு மஞ்சளும் கன்னத்தில் அடக்கிய வெற்றிலையும் போதும் என்றாள். யோசனை முழுக்க அவளுடையது. அவர் தாலி கட்டிய நாளிலிருந்து வீட்டில் நல்ல யோசனைகள் எல்லாம் அவளுடையவைதான். அவர் அவற்றைக் கடைக்குக் கொண்டுபோய்த் தம்முடையவை என்று விற்றுக்கொண்டிருந்தார்.

ஆனால் தைப்பது யார்? எல்லப்பனிடம் பஞ்சு வைக்கச் சொல்வதும் ஒன்றுதான், ஊரில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். ஆகவே ஊசி அவர் கைக்கே வந்தது.

*

மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த ஜெபகுமாரி மாதத்துக்கு ஒருமுறை நூல்கண்டு வாங்க வருவாள். இருபத்தைந்து வயது இருக்கும். பேரத்தில் பக்தவச்சலத்தையே வியர்க்கவைத்த நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி.

"டீச்சரம்மா, கண்டு வெலையில ரெண்டு காசு கொறைக்கிறேன். எனக்குத் தையல் சொல்லித் தர்றீங்களா?"

"உங்களுக்கா?" அவள் எல்லப்பனைத் திரும்பிப் பார்த்தாள். எல்லப்பன் கையை விரித்தான். "கொறைக்க வேணாம். கண்டோட துண்டுத் துணி ஒரு மூட்டை குடுங்க, எங்க பசங்க பழகறதுக்கு. அப்போ சொல்லித் தர்றேன்."

"ஒரு மூட்டையா! அரை மூட்டை."

"அரை மூட்டைக்கு அரைத் தையல்தாங்க வரும்."

மூட்டை முழுதாகவே போயிற்று.

அவள் அவரை முதலில் ரவிக்கைப் பக்கமே விடவில்லை. தோரணத்தில் ஆரம்பித்தாள். முக்கோணமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, நடுவில் ஜிகினாப் பொட்டு ஒன்று வைத்து, வரிசையாகக் கயிற்றில் கோக்க வேண்டும்.

"இது எதுக்குங்க? எனக்குத் துணிமணி தைக்கணும்."

"தோரணம் ஒசரத்துல தொங்கும். கோணலா இருந்தாலும் யாரும் ஏறிப் பார்க்க மாட்டாங்க. ஒடம்புல போடறது அப்படி இல்லீங்க."

இருபது முக்கோணம் தைத்ததில் பதினெட்டு முக்கோணமாகவே இல்லை. விரல்நுனி முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். இரும்புக் கூடு ஒன்றை விரலில் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். அதை மாட்டினால் ஊசி எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் தம் வேட்டியையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு, வாடிக்கைக்காரர் வந்ததும் தோரணத்தோடு எழுந்து நின்றார். எல்லப்பன் அன்று முழுக்க வேலை செய்யவில்லை. சொல்லிச் சொல்லிச் சிரிப்பதிலேயே பொழுது போயிற்று.

ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஓரம் மடிந்து நின்றது. தையல் எறும்புச் சாரி மாதிரி ஒழுங்காக ஊர்ந்தது. முதல் நேரான முக்கோணத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கௌரியம்மாளிடம் காட்டினார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, வாங்க வந்தவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாயம் போவுமா?"

"கேரண்டி."

"அப்போ ஒண்ணு போடுங்க," என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

*

ரவிக்கைக்கு அளவு எடுக்க, கௌரியம்மாள் நல்ல உடம்போடு இருந்தபோது போட்ட பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்தார். பிரிப்பதில்தான் பாதிப் படிப்பு என்று ஜெபகுமாரி சொல்லியிருந்தாள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த உடம்பு தரையில் துண்டு துண்டாகப் படுத்திருந்தது. அக்குள் வளைவில் வியர்வைக் கறை வட்டமாகக் காய்ந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வேலையைக் கவனித்தார்.

பட்டு ரவிக்கைத் துணி, கத்தரிப்பூ நிறம், சண்டைக்கு முந்திய சரக்கு. கயிற்றில் பழைய துண்டுகளின் நீளம் எடுத்து, புதுத் துணியில் அளந்து, கெட்டியாக வெட்டினார். எட்டு நாள் உட்கார்ந்து தைத்தார். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கௌரியம்மாளுக்குப் போட்டுப் பார்த்தார்.

முன்பக்கம் மூடவில்லை. இளைத்துத் துரும்பான உடம்புக்கே நாலு விரற்கடை பற்றவில்லை. பஞ்சு வைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

"கயிறு போட்டு அளந்தேனே கௌரி! ஒரு நூல் பிசகல. பிரிச்சதும் இதுவும் ஒண்ணா இருக்கணுமே!"

அவள் குனிந்து துணியைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அளந்துகாட்டுங்க. இன்னொரு தபா."

அவர் மீதித் துணியை எடுத்தார். இடது கை துணியின் முனையைப் பிடித்தது. வலது கை இழுத்தது. இழுத்த இழுப்பில் துணி நீண்டுகொடுத்தது; அளவு முடிகிற இடத்தில் கட்டைவிரல் ஒரு விரற்கடை பின்னால் நழுவி அங்கே பதிந்தது. முப்பது வருஷமாகக் கெஜத்துக்கு ஒரு விரற்கடையைக் கடையிலேயே தங்கவைத்த கை. அதற்கு யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கத் தெரியாது. ஐந்து துண்டிலும் ஐந்து முறை தன் வேலையைக் காட்டியிருந்தது; ஓரம் மடித்ததில் போனது வேறு.

"ஊரையே அளந்த கை," என்றாள் கௌரியம்மாள். "என்னை மட்டும் விட்டுடுமா?"

சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. நின்றபோது அவள் முந்தானையை மடித்து அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டாள். அவருக்கு அந்த ஐந்து துண்டையும் அடுப்பில் போடவேண்டும் போலிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைந்த அளவு அவர் வீட்டுக்கே வந்திருந்தது. திருப்பிக் கொடுத்தால், மன்னியுங்கள், வேறு கிழித்துத் தருகிறேன் என்று சொல்வதற்கு ஒரு கடைக்காரன் இல்லை. அவரேதான்.

அடுத்த துணியை அவர் கையில் பிடித்து அளக்கவில்லை. தரையில் விரித்து, நாலு மூலையிலும் எடைக்கல் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருதரம் பார்த்துவிட்டு, துண்டுகளை மேலே பரப்பிச் சுண்ணாம்பால் கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே ஒரு விரற்கடை தாராளமாக விட்டார். அந்தத் தாராளம் அவருக்குப் பழக்கமில்லாததால் சுண்ணாம்புக்கட்டி உள்பக்கமே நழுவப் பார்த்தது.

அப்புறம் பஞ்சு. உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே இலவம்பஞ்சைத் திணித்தால் ஒரு நாழிகையில் எல்லாம் சரிந்து இடுப்பில் வந்து முடிச்சாகத் தொங்கியது. ஜெபகுமாரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, இந்தக் கொழந்தைங்க மெத்தையில பஞ்சு சரியாம இருக்கறதுக்கு இன்னா பண்றது?"

"கட்டம் கட்டமா தைக்கணுங்க. அப்போதான் அந்தந்தப் பஞ்சு அந்தந்தக் கட்டத்துல நிக்கும். எவ்ளோ பெரிய மெத்தை?"

அவர் கையை விரித்து அளவு காட்டினார். குழந்தை மெத்தையின் அளவாக அது இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் போயிற்று. எல்லப்பன் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தச் சத்தத்துக்குள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அண்ணன் ஜெபதாஸ் போனப்போ முப்பது வயசுங்க. கோட்டு போட்டுகினு சர்ச்சுக்கு வருவான். கோட்டுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு எங்களுக்குத்தான் தெரியும்." பிறகு சாதாரணக் குரலில், "கைக்கு பஃப் வைங்க. பட்டணத்துல இப்போ அதான். தோள்ள பொம்முன்னு நிக்கும், கை எவ்ளோ மெலிசுன்னு தெரியாது. கழுத்து ஓரத்துல ஜரிகையும் கைநுனியில லேசும் வெச்சுடுங்க. பார்க்கறவங்க கண்ணு எங்க நிக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்."

"அது என் தொழில்மா," என்றார் பக்தவச்சலம். "ஆனா பஃப்புக்குக் கை ஒண்ணுக்குக் கால் கெஜம் போவுதே!"

வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அன்று அவள் நூல்கண்டுக்கு அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனாள். அது அவருக்கு டாக்டர் கை கழுவியதைப் போலவே இருந்தது.

*

மலை அடிவாரத்தில் குளத்தங்கரைச் சத்திரத்தில் கல்யாணம். வாசலில் பக்தவச்சலம் தைத்த தோரணம் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மணவூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய மணியம்மை, உள்ளே நாற்காலியில் கத்தரிப்பூப் பட்டும் ஜரிகையும் பஃப் கையுமாக உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்து வாய் பிளந்தாள்.

"அம்மா! பட்டணத்துச் சீமாட்டி மாதிரி கீறியே!"

ஓடிவந்தவளைக் கௌரியம்மாள் கையை நீட்டி எட்டத்திலேயே நிறுத்தினாள். "தொடாதடி. முருகனுக்கு நேர்ந்துகினு விரதத்துல கீறேன். முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

நாலு மாதமாகப் பார்க்காத மகளை இரண்டு முழத் தூரத்தில் நிறுத்திவைத்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெற்றிலை அடக்கிய கன்னம் அசையவில்லை. பக்தவச்சலம் தூண் ஓரம் நின்று தம் வேலையைக் கவனித்தார். தோள் நின்றது. மார்பு நிறைந்திருந்தது. பஞ்சு கட்டத்தை விட்டு நகரவில்லை. இருபதடி தூரத்தில் எந்த வாடிக்கைக்காரரும் குறை சொல்ல முடியாத சரக்கு.

பிள்ளைவீட்டார் வந்து இறங்கினார்கள். வாசலில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே நிற்க வேண்டும். ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் சந்தனம் பூசி, மாலை போட்டு, சம்பந்தியைத் தழுவிக்கொள்ள வேண்டும். வழக்கம்தான், யாருக்கும் தெரியாததில்லை. கோதண்டபாணி தம் முதுகில் கை போட்டபோதுதான் பக்தவச்சலத்துக்கு உறைத்தது. கண்ணுக்குத் தைத்தோம், கைக்குத் தைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்பிள்ளையாவது துணியைத் தொட்டுக் கசக்கிப் பார்க்காமல் விலை கேட்டிருக்கிறாளா?

விரதம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சின்னம்மாள் கௌரியம்மாளைச் சேர்த்து அணைத்தாள். அணைத்த கை முதுகில் ஒரு தரம் அழுத்தியது. நின்றது. மறுபடி அழுத்தியது. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

"சம்பந்தியம்மா, பூ எங்க வெச்சிருக்கீங்க, வாங்க பார்க்கலாம்," என்று சிரித்த முகத்தோடு சொல்லி, கௌரியம்மாளின் முழங்கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் கூட்டிப்போனாள் சின்னம்மாள்.

பக்தவச்சலம் பின்னாலேயே போய்க் கதவை ஒட்டி நின்றார். உள்ளே பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. இரண்டு பெண்களும் அவற்றுக்கு நடுவே நின்றார்கள்.

"எத்தினி மாசமா?" சின்னம்மாள் குரலில் கோபம் இல்லை. சந்தையில் மாட்டின் வயதைக் கேட்கிற குரல்.

"தையில தெரிஞ்சுது."

"பொண்ணுக்கு?"

"அன்னிக்கே மணவூருக்கு அனுப்பிட்டோம். அவளுக்கு ஒண்ணுமில்ல. மலைமேல இருக்கறவன் சத்தியமா ஒண்ணுமில்ல."

சின்னம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்ல மூணு பச்சைக் கொழந்தைங்க கீதுங்க. பெரியவன் பசங்க. தாலி கட்டட்டும், நான் வாய் தொறக்க மாட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என் வாசப்படி மிதிச்சப்புறம் அவ உங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. ஆடிக்கு இல்ல, தீவாளிக்கு இல்ல. நீங்க இருக்கற வரைக்கும் இல்ல. அவகிட்ட காரணமும் சொல்லக் கூடாது. சொன்னா அவ நிக்க மாட்டா."

"ஆங்," என்றாள் கௌரியம்மாள். "அப்படியே ஆவட்டும்."

பக்தவச்சலம் பொறுக்காமல் உள்ளே நுழைந்தார். "அம்மா, கொஞ்சம் இருங்க. ஆடிக்கு ஒரு நாள். காலையில வந்து பொழுதோட திரும்பிடட்டும். எட்டத்துல குந்த வெச்சு..."

"அண்ணா, வெலை சொல்லியாச்சு."

"அரை நாள்."

"சம்பந்தியம்மா ஒத்துகினாங்க. நீங்க யாருக்காகப் பேசறீங்க?"

சின்னம்மாள் போய்விட்டாள். வெளியே அய்யர், பெண்ணை அழைத்துவரச் சொல்லிக் கூவினார். பக்தவச்சலம் மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"உடனே ஒத்துகினியே! என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நின்னு பேசியிருந்தா அரை நாளாவது எறக்கியிருப்பேனே!"

"வாங்கியே ஆவணும்னு வந்தவளுக்குப் பேரம் இன்னாங்க?" என்றாள் அவள். "நகருங்க. தாலி கட்டற நேரம்."

தாலி ஏறியதை அவள் பார்த்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். சாயங்காலம் வண்டியில் ஏறும்போது மணியம்மை, விரதத்துக்குப் பயந்து, தாயின் காலடியில் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அழாதம்மா. இன்னும் ரெண்டு மாசம். ஆடிக்கு வந்துடுவேன் இல்ல?"

"ஆங், வா," என்றாள் கௌரியம்மாள்.

*

ஆடியில் பெண்ணழைக்க யாரும் போகவில்லை. முதல் வருஷம் அனுப்புவது எங்கள் வழக்கமில்லை என்று சின்னம்மாள் மணியம்மையிடம் சொல்லியிருந்தாள். மணியம்மை எழுதிய கார்டில் பாதி கோபம், பாதி அழுகை. *அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறோம். அன்று நான் வீட்டுக்கு வராமல் போகமாட்டேன், யார் தடுத்தாலும் சரி.*

பக்தவச்சலம் படித்துக்காட்டினார். கௌரியம்மாளுக்கு அப்போது தலையணை இல்லாமல் உட்கார முடியாது.

"இப்படிப் பார்த்தா அவ திரும்பிப் போவ மாட்டா," என்றாள். "இங்கயே குந்திடுவா. அங்க வாழ்க்கை போச்சு, இங்க இந்த எழவும் ஒட்டிகினாலும் ஒட்டிக்கும். எனக்கு இன்னொண்ணு தைங்க."

கல்யாண ரவிக்கை அவள்மேல் இப்போது இரண்டு பேருக்குப் போதும்படி தொங்கியது. அவர் புதிதாக வெட்டினார். பஞ்சு அப்போதைவிட இரண்டு பங்கு. முதல் ரவிக்கைக்கு இரண்டு மாதம் பிடித்தவருக்கு இது இரண்டே நாளில் முடிந்தது. கை அப்படித் தேர்ந்துவிட்டது. பச்சை நிறம், கழுத்தில் இரட்டை ஜரிகை, கைநுனியில் மடிப்பு மடிப்பாக லேஸ். எல்லப்பன் பார்த்திருந்தால் கூலிக்கு வைத்துக்கொண்டிருப்பான். அதை நினைத்து அவருக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்ததற்காகத் தம்மையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார்.

கிருத்திகை அன்று மாடி ஜன்னலில், பின்னால் மூன்று தலையணை கொடுத்து, அவளைத் தெருவைப் பார்க்க உட்காரவைத்தார். கீழே தெரு தெரியவில்லை, காவடிதான் தெரிந்தது. பூக்காவடியும் மயிற்பீலியும் ஆறு மாதிரி ஓடின. அரோகராச் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

கோதண்டபாணி வீட்டுக் கூட்டம் வந்தது. மணியம்மை அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று நிமிர்ந்தாள். சண்டைக்குத் தயாராக வந்த முகம். நிமிர்ந்ததும் அந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அம்மா! நல்லா தேறிட்டியேம்மா!"

கௌரியம்மாள் கையை ஆட்டினாள். குரல் வராது என்று தெரிந்து, பக்தவச்சலம் அவள் தோளுக்கு மேலிருந்து கத்தினார். "ஆங்! இப்போ நல்லா சாப்பிட்றா!"

"மேல வரட்டுமா, நைனா?"

வா என்று சொல்ல அவருக்கு வாய் எழுந்தது. கௌரியம்மாளின் விரல்கள் அவர் கையைப் பிடித்தன. அவ்வளவு மெலிந்த விரலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"காவடி கூட வந்தவ நடுவுல நிக்கக் கூடாதும்மா! போ! மலை ஏறு!" என்றுதான் கத்தினார்.

"அப்போ தீவாளிக்கு வர்றேன்! நீ நல்லா இருக்கறதப் பார்த்தாச்சு, போதும்!" சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டாள். பின்னால் நின்ற சின்னம்மாள் ஒருதரம் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பச்சை ரவிக்கையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள்.

*

புரட்டாசியில் ஒரு விடியற்காலை கௌரியம்மாள் போய்விட்டாள். அதற்கு முன்தினமே அவள் சொல்லியிருந்தாள்: "அவ வர்றதுக்குள்ள எடுத்துடுங்க. என்னை இப்படிக் காட்டாதீங்க." அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் வந்து குளிப்பாட்டினார்கள். கனமே இல்லாத உடம்பைத் தூக்கிய முதல் தூக்கில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை கட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லி, பத்து மணிக்கே எடுக்கச் சொன்னார் பக்தவச்சலம்.

கனகம்மாசத்திரத்துப் பஸ் மழையில் நின்று நின்று வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மணியம்மை வீட்டுக்குள் ஓடினாள், கழுவிவிட்ட தரையைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்தாள். சின்னம்மாள் அவள் பின்னால் வந்து சுவரோரம் நின்றாள். இப்போது வருவதற்குத் தடையில்லை. பேசியபடி எல்லாம் முடிந்துவிட்டது.

"எனக்காக ஏன் நைனா காத்திருக்கல?"

"மழைம்மா."

"இன்னா ஆச்சு? ஆடியில நல்லா இருந்தாங்களே! எங் கண்ணால பார்த்தேனே! நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா எல்லாரையும் தள்ளிகினு ஓடி வந்திருப்பேனே!"

பக்தவச்சலம் தலையைத் தூக்கினார். சுவரோரம் நின்ற சின்னம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளின் கோபம் தம்மைவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் நாளைக்கு அந்தப் பக்கத்தில்தான் மகள் போய்ச் சோறாக்கி, பிள்ளை பெற்று, வாழவேண்டும்.

"திடீர்னு வந்துடுச்சும்மா," என்றார். "எனக்கே தெரியல."

"உங்களுக்குத் தெரியாம எப்படி நைனா போவும்? கூடவே இருந்தீங்களே!"

இத்தனை வருஷ வியாபாரத்தில் அவர் விற்ற எந்தச் சரக்கையும் யாரும் இவ்வளவு முழுசாக நம்பி வாங்கிப்போனதில்லை. மகள் அவரை விட்டுத் திரும்பி, கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று பெண்களிடம் போய், ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்களே சொல்லுங்க அத்தை, எங்கம்மா எப்படிப் பூரிச்சு இருந்தாங்க! ஜன்னல் நெறைய குந்திகினு இருந்தாங்க! நீங்க பார்த்தீங்க இல்ல?"

மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒருத்தி, "ஆமாம்மா, பார்த்தோம்," என்றாள்.